ஜெனீவாவுக்குப் போன கிராமத்து வழக்கு

"டவர் இல்லை."

இந்த இரண்டு சொற்கள் காதில் விழாத கிராமம் உண்டா?

உண்மையில் டவர் இல்லாமல் இல்லை. எங்கோ தூரத்தில் நிற்கிறது. ஆனால் அதன் குரல் இந்த ஊருக்கு எட்டவில்லை. இந்த ஊரின் குரல் அதற்கு எட்டவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மொட்டை மாடிக்கு ஓடுகிறார். இன்னொருவர் ஏரிக்கரைமேல் ஏறுகிறார். "ஹலோ, ஹலோ! கேட்கிறதா?" என்று கத்துகிறார். மறுமுனையில் இருப்பவருக்குப் பாதிதான் கேட்கிறது.

பேச்சோடு போனால் பரவாயில்லை. ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் அந்தச் சேதி டவர் வழியாகப் போய்த் திரும்ப வேண்டும். வெளியூரிலிருந்து மகன் அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என்று பார்க்க டவர் வேண்டும். பிள்ளைகளின் பரீட்சை முடிவுக்கும் அதே டவர்தான் வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் டவர் வைக்கவில்லை என்று குறை சொல்கிறோம். அது நியாயமான குறை. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு டவர் எவ்வளவு தூரம் எட்டினால் போதும்? இந்தத் தூரத்தை முடிவு செய்தவர் யார்?

அதை முடிவு செய்வது ஒரு கம்பெனி அல்ல. ஒரு மந்திரியும் அல்ல. பல நாட்டு நிபுணர்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நம் கிராமத்துக் கணக்கை எடுத்துக்கொண்டு போன ஒரு சங்கத்தின் கதை இது.

படியும் மரக்காலும்

முன்பெல்லாம் நம் நாட்டில் ஊருக்கு ஊர் அளவு மாறும். பட்டணம் படி என்று ஒன்று இருந்தது. உள்ளூர்ப் படி வேறாக இருந்தது. ஓர் ஊரில் அளந்து வாங்கிய நெல், அடுத்த ஊரில் அளந்தால் கூடும், இல்லையென்றால் குறையும். கெட்டிக்கார வியாபாரிக்கு லாபம். விவரம் தெரியாத விவசாயிக்கு நஷ்டம்.

இதை மாற்ற 1956-ல் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வந்தது. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்று பாட்டிமார் மனக்கணக்குப் போட வேண்டியிருந்தது. 1958 அக்டோபர் 1-ந் தேதி முதல் கிலோ கிராம் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தது. இன்று கன்னியாகுமரியில் ஒரு கிலோ என்றால் காஷ்மீரிலும் அதே ஒரு கிலோதான்.

எல்லோரும் ஒத்துக்கொண்ட பொது அளவுக்குத் "தர நிர்ணயம்" என்று பெயர். பிரஷர் குக்கரிலும் மின்சார ஒயரிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். அந்த முத்திரையைத் தந்த இந்தியத் தர நிர்ணயக் கழகம் 1947-ல் தோன்றியது. 1987-ல் வேறு ஒரு புதிய அமைப்பு அதன் இடத்துக்கு வந்தது. முத்திரை மட்டும் பழைய பெயரிலேயே நிலைத்துவிட்டது.

குக்கருக்கு அளவு இருப்பதுபோல, செல்போனுக்கும் அளவு இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது இல்லாவிட்டால் எந்தப் போனும் பேசாது.

போனும் டவரும் பேசும் பாஷை

உங்கள் போன் ஒரு நாட்டில் செய்தது. டவரில் உள்ள கருவி இன்னொரு நாட்டில் செய்தது. இரண்டையும் செய்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனாலும் நீங்கள் பொத்தானை அமுக்கியதும் இரண்டும் பேசிக்கொள்கின்றன. எப்படி?

முதலில் யார் கூப்பிட வேண்டும், எந்த அலையில் கூப்பிட வேண்டும், எத்தனை விநாடிக்குள் பதில் வரவேண்டும், பதில் வராவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பக்கங்கள்! போன் செய்பவரும் அதைப் பார்த்துத்தான் செய்கிறார். டவர் கருவி செய்பவரும் அதையே பார்க்கிறார்.

சிம் கார்டை ஒரு போனிலிருந்து கழற்றி இன்னொரு போனில் போடுகிறோம் அல்லவா? அதன் நீளம், அகலம், மேலே மின்னும் தகட்டின் இடம் எல்லாம் இப்படி எழுதி வைத்த அளவுதான். சார்ஜர் விஷயத்தில் இந்த ஒற்றுமை வெகுநாள் இல்லை. கம்பெனிக்கு ஒரு முனை என்று இருந்தது. போன் மாறினால் சார்ஜரும் மாறவேண்டும். பழைய சார்ஜர்கள் அலமாரியில் தூங்கும். இப்போதுதான் பெரும்பாலான புதுப் போன்களுக்கு ஒரே வகை முனை வந்திருக்கிறது.

இந்த வேலை இன்று நேற்றுத் தொடங்கியது அல்ல. தந்திக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அப்போது ஐரோப்பாவில் ஒரு நாட்டின் தந்திக் கம்பி எல்லைக்கோட்டோடு நின்றுவிடும். வந்த சேதியைக் காகிதத்தில் எழுதி, அடுத்த நாட்டு ஊழியரிடம் கையில் கொடுப்பார்கள். அவர் அதை மறுபடி தன் கம்பியில் தட்டி அனுப்புவார். இந்தக் கூத்து போதும் என்று 1865 மே 17-ந் தேதி பாரிஸ் நகரில் 20 நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. அப்போது பிறந்ததுதான் சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன். இன்று அது ஐக்கிய நாடுகள் சபையின் ஓர் அங்கம். தலைமையகம் சுவிட்சர்லாந்தில் உள்ள ஜெனீவா.

பந்தியில் இடம்

நம் நாட்டில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ந் தேதி நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்காள முதல் மந்திரி ஜோதிபாசு பேசினார். டில்லியில் மத்திய மந்திரி சுக்ராம் கேட்டார்.

அந்தப் போனும் டவரும் பேசிய பாஷைக்கு ஜி.எஸ்.எம். என்று பெயர். அது ஐரோப்பாவில் உருவானது. 1987-ல் ஐரோப்பாவில் 13 நாடுகள் சேர்ந்து அதைக் கொண்டுவர ஒப்பந்தம் செய்தன. நாம் அதை வாங்கிப் பயன்படுத்தினோம். அடுத்தவர் தைத்த சட்டையை நாம் போட்டுக்கொண்டோம் என்று சொல்லலாம். சட்டை நல்ல சட்டைதான். நம் உடம்புக்கு அளவெடுத்துத் தைக்கவில்லை, அவ்வளவுதான்.

1998 டிசம்பரில் இன்னொரு உலக அமைப்பு தோன்றியது. 3ஜி.பி.பி. என்று பெயர். 3ஜி, 4ஜி, 5ஜி ஆகியவற்றின் விதிகள் பெரும்பாலும் இங்கேதான் எழுதப்படுகின்றன. இதில் தனிக் கம்பெனிகள் நேரடியாக நுழைய முடியாது. ஒரு நாட்டின் அல்லது ஒரு பிரதேசத்தின் தர நிர்ணய அமைப்பு வழியாகத்தான் நுழைய வேண்டும். ஐரோப்பாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று, தென் கொரியாவுக்கு ஒன்று, ஜப்பானுக்கு மட்டும் இரண்டு. ஆக மொத்தம் ஆறு அமைப்புகள் பந்தியில் உட்கார்ந்திருந்தன.

கோடிக்கணக்கான போன்கள் உள்ள இந்தியாவுக்கு? நாற்காலி இல்லை!

இந்தக் குறையைத் தீர்க்க 2013 நவம்பரில் டில்லியில் ஒரு சங்கம் பதிவு செய்யப்பட்டது. அதன் பெயர் "இந்தியத் தொலைத்தொடர்புத் தர நிர்ணய வளர்ச்சிச் சங்கம்". பெயர் நீளம்தான். ஆங்கில முதல் எழுத்துக்களைச் சேர்த்து டி.எஸ்.டி.எஸ்.ஐ. என்பார்கள். நாம் சுருக்கமாகச் "சங்கம்" என்று சொல்லுவோம்.

இது சர்க்கார் ஆபீஸ் அல்ல. ஆனால் சர்க்காரின் அங்கீகாரம் பெற்றது. போன் சேவை நடத்தும் நிறுவனங்கள், கருவி செய்யும் கம்பெனிகள், ஐ.ஐ.டி. போன்ற கல்விக்கூடங்கள், ஆராய்ச்சி நிலையங்கள் எல்லாம் இதில் உறுப்பினர்கள். ஓர் உறுப்பினர் ஒரு யோசனையை எழுதிக் கொடுப்பார். குழு கூடி அதை அலசும். ஆட்சேபணை இருந்தால் சொல்வார்கள். திருத்துவார்கள். மறுபடி கூடுவார்கள். கூடியவரை எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரையில் பேசுவார்கள். கேட்பதற்குச் சலிப்பான வேலை. செய்வதற்கும் சலிப்பான வேலைதான். ஆனால் அங்கே ஒரு எண்ணை மாற்றினால் நாடு முழுவதும் கோடிக்கணக்கான ரூபாய் செலவு மாறும்.

2015-ல் இந்தச் சங்கம் 3ஜி.பி.பி.யில் ஏழாவது அமைப்பாகச் சேர்ந்தது. நாற்காலி கிடைத்துவிட்டது. உட்கார்ந்து என்ன பேசுவது?

1,732 மீட்டர்

அப்போது 5ஜிக்கான வேலை உலகம் முழுவதும் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. 5ஜி என்ற பெயரில் யார் எந்த முறையைக் கொண்டுவந்தாலும், அதைச் சோதித்துப் பார்க்க ஜெனீவா யூனியன் சில தேர்வுகள் வைத்தது. நகரத்துக்கு ஒரு தேர்வு. கட்டடத்தின் உள்ளே ஒரு தேர்வு. கிராமத்துக்கு ஒரு தேர்வு.

கிராமத் தேர்வின் வினாத்தாளைப் பார்த்தபோதுதான் நம்மவர்கள் திடுக்கிட்டார்கள்.

ஒரு டவருக்கும் அடுத்த டவருக்கும் இடையே 1,732 மீட்டர் என்று அதில் இருந்தது. அதாவது ஒன்றேமுக்கால் கிலோமீட்டர். ஜனங்கள் எப்படிப் போகிறார்கள்? மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காரில் போகிறார்கள்! இன்னும் கேளுங்கள். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் ரெயிலில் போகிறவர்களுக்கும் டவர் கிடைக்கிறதா என்று ஒரு சோதனை.

இது எந்த ஊர்க் கிராமம்? பணக்கார நாட்டுக் கிராமம். அங்கே வயல்களுக்கு நடுவே பெரிய சாலை ஓடும். சாலையில் கார் பறக்கும். அந்தக் காரில் போகிறவருக்குப் போன் அறுந்துபோகக் கூடாது. அவர்கள் கவலை அது. தவறு என்று சொல்லவில்லை. ஆனால் நம் கிராமத்தில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போவது எது? டவுன் பஸ்ஸா?

நம் கிராமத்தின் கணக்கு வேறு. இந்தியாவில் 6 லட்சத்துக்கு மேல் கிராமங்கள் இருக்கின்றன. பஞ்சாயத்துகள் சுமார் இரண்டரை லட்சம். ஒரு பஞ்சாயத்துக்கு ஒரு தாய்க் கிராமம்; சுற்றிலும் குக்கிராமங்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குள் அடங்கிவிடும். பஞ்சாயத்துத் தலைமை ஊர் வரைக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோக 2011-ல் சர்க்கார் ஒரு பெரிய திட்டம் போட்டது. இன்று அதற்குப் பாரத்நெட் என்று பெயர்.

ஆகவே, கம்பி வந்து சேரும் இடத்தில் ஒரு டவர். அது மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள எல்லாக் குக்கிராமங்களுக்கும் எட்டவேண்டும். அடுத்த பஞ்சாயத்தில் அடுத்த டவர். இரண்டு டவருக்கும் இடையே 6 கிலோமீட்டர். இதுதான் நமக்கு ஏற்ற கணக்கு என்று சங்கம் சொன்னது.

ஒன்றேமுக்காலுக்கும் ஆறுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்கலாம். நிலத்தை அளந்தவர்களுக்குத் தெரியும். நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். இங்கே நீளம் சுமார் மூன்றரை மடங்கு. பரப்பு 12 மடங்கு! அவர்கள் கணக்குப்படி 12 டவர் வேண்டிய இடத்தில், நம் கணக்குப்படி ஒரு டவர் போதும். 12 டவருக்கு இடம், இரும்பு, கரண்டு, டீசல், காவல் எல்லாம் வேண்டும். குக்கிராமத்தில் 200 வீட்டுக்காக எந்தக் கம்பெனி அந்தச் செலவைச் செய்யும்? செய்யாது. "டவர் இல்லை" என்ற சொல் பிறக்கும் இடம் இதுதான்.

சங்கத்தின் உறுப்பினர்கள் இந்தக் கணக்கை எழுதி ஜெனீவாவுக்குக் கொண்டுபோனார்கள். கிராமத் தேர்வில் இன்னொரு வினாவும் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார்கள். டவருக்கு டவர் 6 கிலோமீட்டர். 100 பேரில் 40 பேர் வீட்டுக்குள் இருக்கிறார்கள். 40 பேர் வெளியே நடந்து போகிறார்கள். 20 பேர் வண்டியில் போகிறார்கள். அதுவும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில். படித்துப் பாருங்கள். நம் ஊர்த் தெருவே கண்முன் வருகிறது.

2017-ல் யூனியன் அதை ஏற்றுக்கொண்டது. ஓரமாகப் போட்டுவைக்கவும் இல்லை. யார் 5ஜி முறை கொண்டுவந்தாலும் இந்த 6 கிலோமீட்டர்த் தேர்விலும் தேறவேண்டும் என்று ஆகிவிட்டது.

தளும்பாத குடம்

வினாவைச் சேர்த்தாகிவிட்டது. விடை எழுத வேண்டாமா?

6 கிலோமீட்டரில் உள்ள கஷ்டம் டவரிடம் இல்லை. டவர் பெரிய தொண்டை உடையது. பல பத்து வாட் சக்தியில் உரக்கப் பேசும். கஷ்டம் நம் கையில் உள்ள போனில்தான். அது பேசும் சக்தி ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. வீட்டில் எரியும் 9 வாட் பல்பின் சக்தியில் 45-ல் ஒரு பங்கு! டவர் பேசுவது போனுக்குக் கேட்கும். போன் முனகுவது டவருக்குக் கேட்காது. திரையில் சிக்னல் கோடு தெரிந்தும் பேச முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சக்தியைக் கூட்டினால் என்ன? கூட்டலாம். ஆனால் போனின் அலை மேடு பள்ளமாகப் போகிறது. மேட்டில் சக்தி எல்லை மீறினால் அலை சிதைந்துவிடும். அதனால் எப்போதும் அடக்கியே வாசிக்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர்க் குடத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்டமாக நடக்கிறவர் குடத்தை நிறைக்க முடியாது, தளும்பிச் சிந்திவிடும். முக்கால் குடம்தான் எடுக்கலாம். அலுங்காமல் நடக்கிறவர் விளிம்பு வரை நிறைத்துக்கொண்டு வரலாம். குடம் அதேதான். நடைதான் வேறு.

நம் விஞ்ஞானிகள் அலையின் நடையை மாற்றினார்கள். மேடு பள்ளம் குறைந்த, வழவழப்பான ஓர் அலையைப் பயன்படுத்தினால் அதே போன் இரண்டு மடங்கு சக்தியில் பேசலாம் என்று காட்டினார்கள். ஹைதராபாத் ஐ.ஐ.டி.யும், சென்னை ஐ.ஐ.டி.யும், சென்னையில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் உள்ள கம்பியில்லாத் தொழில்நுட்பச் சிறப்பு மையமும் இதில் முன்நின்றன.

சென்னை ஐ.ஐ.டி.க்கு இந்த ஆசை புதிது அல்ல. செல்போன் பரவாத 1990-களிலேயே பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சக பேராசிரியர்களும் "கார்டெக்ட்" என்ற கம்பியில்லா டெலிபோன் முறையை உருவாக்கினார்கள். வீட்டுக் கூரையில் ஒரு சிறு ஏரியல் வைத்தால் சுமார் 10 கிலோமீட்டர் தூரத்துக்குப் பேசலாம், இன்டர்நெட்டும் பார்க்கலாம். பல கிராமங்களுக்கு அது போயிற்று. ஆனால் அதற்கு அடிப்படையாக இருந்த பொது அளவு ஐரோப்பாவுடையது.

இந்த முறை அளவையே நாம் எழுதினோம். 2019-ல் சங்கம் தன் 5ஜி முறையை யூனியனிடம் கொடுத்தது. அதற்கு 5ஜி-ஐ என்று பெயர். கடைசி எழுத்து இந்தியாவைக் குறிப்பது. 2021 பிப்ரவரியில் யூனியன் தன் 5ஜி ஏட்டை வெளியிட்டபோது அதில் மூன்று முறைகள் இருந்தன. இரண்டு 3ஜி.பி.பி. கொடுத்தவை. மூன்றாவது நம்முடையது!

வீட்டுக்குள் சண்டை

இங்கேதான் கதை திரும்புகிறது.

வெளியூரில் ஜெயித்தாகிவிட்டது. உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது. இந்தியாவில் போன் சேவை நடத்தும் பெரிய நிறுவனங்களே இதைக் கட்டாயமாக்கக் கூடாது என்றன. வெளிநாட்டுக் கருவிக் கம்பெனிகளும் ஒப்பவில்லை.

அவர்கள் சொன்ன காரணம் என்ன? உலகத்தில் எல்லோரும் ஒரு முறையில் போன் செய்கிறார்கள். இந்தியாவுக்கு மட்டும் தனி முறை என்றால், போனில் தனி ஏற்பாடு வேண்டும். டவரிலும் தனி ஏற்பாடு வேண்டும். விலை ஏறும். வெளிநாட்டிலிருந்து வரும் போன் இங்கே சரியாக வேலை செய்யாது. இங்கே வாங்கிய போன் அங்கே சரியாக வேலை செய்யாது.

இந்த வாதத்தை வெறும் லாப ஆசை என்று தள்ளிவிட முடியாது. ஜப்பானில் நடந்தது. அந்த நாட்டார் 1993-ல் தமக்கென்று தனி செல்போன் முறை கொண்டுவந்தார்கள். சிறந்த முறைதான். ஆனால் அந்தப் போன்கள் ஜப்பானைத் தாண்டினால் பேசவில்லை. 2012-ல் அந்த முறையே மூடப்பட்டது. விலை உயர்ந்த போனை வாங்க முடியாதவர் யார்? அதே குக்கிராமத்துக்காரர்தான். அவருக்காகச் செய்த ஏற்பாடு அவர் கைக்கே எட்டாமல் போனால் என்ன பயன்?

மறுபக்கத்தார் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வழவழப்பான அலை என்ற உபாயத்தின் ஒரு பகுதி 3ஜி.பி.பி. ஏட்டிலும் இருந்தது. ஆனால் "விருப்பம் இருந்தால் செய்யலாம்" என்று இருந்தது. விருப்பம் இருந்தால் என்று எழுதினால் எந்தக் கம்பெனி செலவு செய்யும்? கட்டாயம் என்று எழுதினால்தான் செய்வார்கள் என்பது இவர்கள் வாதம்.

இன்னொரு விஷயமும் உண்டு. பொது அளவில் யாருடைய கண்டுபிடிப்பு சேர்ந்திருக்கிறதோ, அவருக்கு விற்கும் போன்களின் பேரில் ராயல்டி கேட்கும் உரிமை உண்டு. ஆகவே இது கிராமத்து டவர் விவகாரம் மட்டும் அல்ல. பணமும் இதில் இருந்தது. எந்தத் தரப்பும் அதை உரக்கப் பேசவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

சமரசம்

2021 டிசம்பரில் ஒரு சமரசம் ஏற்பட்டது. 5ஜி-ஐ முறையின் முக்கியமான அம்சங்களை 3ஜி.பி.பி. தன் பொது ஏட்டின் 17-வது பதிப்பில் சேர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அதற்குப் பதிலாக 5ஜி-ஐ என்ற தனி முறையை மேற்கொண்டு வளர்ப்பதில்லை என்று நம் சங்கம் ஒப்புக்கொண்டது. 2022 அக்டோபர் 1-ந் தேதி இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது, உலகம் முழுவதும் உள்ள அதே முறையில்தான் தொடங்கியது.

இது வெற்றியா, தோல்வியா?

தோல்வி என்கிறவர்கள், "பெயர் போய்விட்டதே" என்கிறார்கள். பெயர் போனது உண்மைதான். 5ஜி-ஐ என்று எழுதிய டவர் எங்கும் எழவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 6 கிலோமீட்டர்த் தேர்வு யூனியன் ஏட்டில் இருக்கிறது. நமக்கு மட்டும் அல்ல, ஆப்பிரிக்காவில் பரந்து கிடக்கும் கிராமங்களுக்கும் அது உதவும். வழவழப்பான அலை உலக ஏட்டுக்குள் போய்விட்டது. தனிப் போன் வேண்டியதில்லை. தனி விலையும் வேண்டியதில்லை. தனியாக நின்று பெயர் வாங்கியிருப்பதைவிட இது மேல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஏட்டில் சேர்வது வேறு. ஊரில் சேர்வது வேறு. ஏட்டில் உள்ள எல்லாவற்றையும் எல்லாக் கம்பெனியும் போனில் வைப்பதில்லை. வைத்தாலும், பஞ்சாயத்து ஊரில் டவர் நிறுத்தி அதை இயக்க வேண்டும். இந்த இடத்தில் சங்கத்தின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. அது அளவு எழுதும், டவர் நடாது. டவர் நடுகிறவர்களிடம் சர்க்காரும் ஜனங்களும்தான் கேட்க வேண்டும். "6 கிலோமீட்டர் எட்டும் என்று எழுதியிருக்கிறதாமே, எங்கள் ஊருக்கு ஏன் எட்டவில்லை?" என்று கேட்கலாம். முன்பு இப்படிக் கேட்பதற்குக்கூட ஆதாரம் இல்லை.

அடுத்த பந்தி

இப்போது 6ஜிக்கு இலை போட்டாகிவிட்டது. 2023 மார்ச் மாதத்தில் இந்திய சர்க்கார் தன் 6ஜி நோக்கத்தை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டின் கடைசியில் ஜெனீவா யூனியன் 6ஜியின் அடிப்படைத் திட்டத்தை ஏற்றது. 6ஜி எதற்கெல்லாம் பயன்பட வேண்டும் என்று அதில் ஆறு நோக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று "எங்கும் தொடர்பு". இதைச் சேர்க்க இந்தியத் தரப்பு வாதாடியது. 5ஜியின் நோக்கங்களில் இப்படி ஒன்று தனியாக இருக்கவில்லை.

2024 அக்டோபரில் யூனியனின் உலகத் தர நிர்ணய மாநாடு டில்லியிலேயே நடந்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் மாநாடு அது. இந்தியாவில் கூடியது அதுவே முதல் தடவை.

6ஜி முறைகளுக்கான விண்ணப்பங்களை யூனியன் 2027 முதல் 2029 வரை வாங்கும். பிறகு தேர்வு நடக்கும். 2030-ல் முடிவு. வினாத்தாள் அதற்குள் எழுதப்பட வேண்டும். அதில் டவருக்கு டவர் எத்தனை மீட்டர் என்று எழுதும்போது, இந்தத் தடவை நம்மவர்களும் பேனாவுடன் உட்கார்ந்திருக்கிறார்கள்.